பட்டாசுக் கையில் வெள்ளிச் செதில்... ரத்தப் பரிசோதனை என்ன சொல்லும்?

சிவகாசி வட்டாரத்தில் ஒருவரின் கை வெள்ளி நிறத்தில் மின்னினால் யாரும் ஆச்சர்யப்படுவதில்லை. பட்டாசு மருந்தில் சேரும் அலுமினியப் பவுடர் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். ஆனால், எத்தனை முறை கழுவினாலும் சிவந்த தடிப்பின் மேல் வெள்ளைச் செதில்கள் உதிர்ந்துகொண்டே இருந்தால்? ‘மருந்து ஒத்துக்கலை’ என்று மெடிக்கல் ஷாப்பில் ஆயின்மென்ட் வாங்கித் தடவுபவர்கள் உண்டு. அது சொரியாசிஸாக இருக்கலாம் என்று தெரியவரும்போது மாதங்கள் ஓடியிருக்கும்.

ஒட்டிக்கொள்ளுமா?

சித்த மருத்துவம் ‘காளாஞ்சகப்படை’ என்று அழைக்கும் இந்த நோய் தொற்றுநோய் இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், பக்கத்தில் உட்கார்ந்து திரி செருகினாலும் பரவாது. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தேவையில்லாமல் முடுக்கப்படுவதுதான் காரணம். சாதாரணமாகத் தோல் செல் உருவாகி உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் அது சில நாள்களிலேயே நடந்துவிடுகிறது. அதனால்தான் செதில் செதிலாகச் சேர்கிறது.

சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு, தோல் உரசிக் காயம்பட்ட இடத்தில் புதிய படை கிளம்பலாம். அலுமினியக் கறை போக வேண்டும் என்று தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்ப்பது வம்பை விலைக்கு வாங்குவது போலத்தான். மென்மையான சோப்பால் கழுவி, ஈரம் ஒற்றி எடுத்து, உடனே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவலாம்.

ரத்தத்தில் தெரியுமா?

‘ஒரு டெஸ்ட் எடுத்தால் சொரியாசிஸா என்று தெரிந்துவிடுமா?’ என்று பலரும் கேட்பார்கள். தெரியாது. மருத்துவர் தோலைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார். சந்தேகம் இருந்தால் சிறு துண்டு தோலை எடுத்துப் பரிசோதிப்பார். ஆனாலும் ரத்தப் பரிசோதனைக்கு வேறு முக்கியமான வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, அழற்சியின் அளவு. இஎஸ்ஆர், சிஆர்பி ஆகியவை உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும். சாதாரண ரத்த அணுப் பரிசோதனையிலேயே நியூட்ரோஃபில், லிம்போசைட் என்ற இரு வெள்ளணுக்களின் விகிதம் கிடைக்கும். சொரியாசிஸ் உள்ளவர்களில் இது சராசரியாகக் கூடுதலாகவும், சிகிச்சை பலித்தால் குறைவாகவும் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால், சளி, காய்ச்சல், பல்வலி வந்தாலும் இவை ஏறும். எனவே இந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை.

இரண்டாவது, உடன்வரும் நோய்கள். சொரியாசிஸ் உள்ளவர்களுக்குச் சர்க்கரை, கொழுப்பு, இதயநோய் அபாயம் கூடுதல். சிலருக்கு மூட்டும் வீங்கும். காலையில் விரல்கள் விறைத்துப்போனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிஆர்பி நார்மலாக இருந்தாலும் மூட்டுப் பாதிப்பு இருக்கலாம்.

மூன்றாவதுதான் உயிர் காப்பது: மருந்தின் பாதுகாப்பு.

வாரம் ஒரு நாள் மாத்திரை!

நோய் தீவிரமானவர்களுக்கு வெகுகாலமாகத் தரப்படும் விலை குறைந்த மருந்து மீத்தோட்ரெக்சேட். இதை வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எந்தக் கிழமை என்று அட்டையில் எழுதி வைப்பது நல்லது. கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் மூன்றையும் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும். மது கூடவே கூடாது. கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இதை எடுக்கவே கூடாது.

இதற்கும் கட்டுப்படாதவர்களுக்கு ‘பயாலஜிக்ஸ்’ ஊசிகள் இருக்கின்றன. பெங்களூரின் பயோகான் நிறுவனம் உருவாக்கிய இடோலிசுமாப் 2013-ல் இந்தியாவில் சொரியாசிஸுக்கு அறிமுகமானது. இத்தகைய ஊசிகளுக்கு முன் காசநோய், மஞ்சள்காமாலை வைரஸ் பரிசோதனை அவசியம். உறங்கிக்கிடக்கும் காசநோய் விழித்துக்கொள்ளக்கூடும் என்பதே காரணம்.

யாருக்கு எந்த ஊசி பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் மரபணுக் குறியீடுகள் ஆய்வில் இருக்கின்றன. அவை இன்னும் அன்றாட சிகிச்சைக்கு வரவில்லை. இப்போதைக்கு, சில வாரங்கள் மருந்து கொடுத்து, படையின் பரப்பு, தடிப்பு, சிவப்பு குறைகிறதா என்று பார்ப்பதே வழி.

எங்கே போகலாம்?

2022 ஜனவரி 12 அன்று தொடங்கிவைக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை நாடலாம். இஎஸ்ஐ அட்டை உள்ளவர்கள் சிவகாசி இஎஸ்ஐ மருத்துவமனைக்குச் செல்லலாம். தகுதி இருந்தால், நோய்க்காக விடுப்பு எடுத்த நாள்களுக்குச் சம்பளத்தில் 70% இஎஸ்ஐ மூலம் கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாள் வரை இந்தச் சலுகை உண்டு.

வெட்பாலைத் தைலம் தடவுபவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். படை மறைந்ததும் மாத்திரையைத் தானாக நிறுத்தவும் வேண்டாம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்களைத் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வைத்து ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்லுங்கள். ஒற்றை ரிப்போர்ட்டில் தெரியாத மாற்றம், நான்கை வரிசையாகப் பார்க்கும்போது மருத்துவருக்குப் புலப்படும்.