குழலுக்குள்ளே பார்த்தாயா, தோழா?

திருத்தணி ரயில் நிலையத்தை அடுத்த தேநீர்க் கடையிலே, விடிவதற்கு முன்பே ஒரு கூட்டம் நடக்கும். தலைவர் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, தீர்மானம் இல்லை. ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் பெரம்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் – ஒரு கையிலே சோற்றுப் பை, மறு கையிலே தேநீர்க் குவளை, வாயிலே அரசியல் – அவர்கள் கூடுவதுதான் கூட்டம். நாட்டிலே நடக்கிற பல மாநாடுகளைவிட அங்கே கிடைக்கிற அறிவு அதிகம்!

அண்மையில் ஒரு நாள், அங்கே ஓர் இளைஞர் கொதித்துக்கொண்டிருந்தார். அவர் வேலை பார்க்கும் பட்டறையிலே, சங்கம் வைக்கவேண்டும் என்று பேசிய இருவரை வாயிலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். “நாளைக் காலையிலே ஒருவனும் உள்ளே போகமாட்டான்! நிறுத்திவிடுவோம் வேலையை! துப்பாக்கி நம் கையிலே இருக்கிறது அண்ணே, விசையை இழுக்க வேண்டியதுதான் பாக்கி!” என்றார்.

பக்கத்துப் பெஞ்சியிலே ஒரு பெரியவர். படைக்கலத் தொழிற்சாலை ஒன்றிலே பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “துப்பாக்கி இருக்கிறது, சரி. குழலுக்குள்ளே பார்த்தாயா, தம்பி?”

இளைஞர் விழித்தார். நானுந்தான் விழித்தேன்! வண்டி வர நேரம் இருந்தது, பெரியவர் விளக்கினார். அவர் சொன்னதையும், பின்னர் நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன். தோழர்கள் பொறுமையோடு படிக்க வேண்டும். பேச்சு துப்பாக்கியைப் பற்றியதுபோலத் தோன்றும், ஆனால் துப்பாக்கியோடு முடியாது.

303 என்றால் அறியாதவர் யார்? வெள்ளையன் கொண்டுவந்தது. வங்கத்து இச்சாப்பூர் ஆலையிலே ஆயிரம் ஆயிரமாகச் செய்தது. காவலர் தோளிலே நம் பாட்டன் பார்த்தது, அப்பன் பார்த்தது, நாமும் பார்த்தது. உத்தரப் பிரதேசத்துப் போலீசார் 2020 ஜனவரி 26 அன்றுதான் அதற்கு விடை கொடுத்தார்கள்! 1962லே சீனப் படை எல்லை தாண்டி வந்தபோது, பனிமலையிலே நின்ற நம் வீரர்களின் கையிலே இருந்ததும் பெரும்பாலும் அதுதான். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளவேண்டிய துப்பாக்கி.

அந்தப் போருக்குப் பின், அதே இச்சாப்பூரிலே, ஏறத்தாழ அதே உருவத்திலே இன்னொன்று பிறந்தது. 2ஏ என்று பெயர். அதைத் தொடர்ந்து 2ஏ1. மரக்கட்டை அதே சாயல், மூக்கும் அதே சாயல். ஆனால் அது தின்னும் தோட்டா வேறு! பழையதன் தோட்டாக் கூடு 56 மில்லிமீட்டர் நீளம். அடியிலே விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். புதியது 7.62, கூடு 51 மில்லிமீட்டர், விளிம்பு துருத்தாது, வெடிக்கும்போது எழும் அழுத்தமும் அதிகம். அழுத்தம் தாங்க உருக்கை உயர்த்தினார்கள். தோட்டாவைக் கவ்வி இழுக்கும் கொக்கியை மாற்றினார்கள். தோட்டாப் பெட்டியை மாற்றினார்கள். எட்ட நின்று பார்ப்பவனுக்கு இரட்டைப் பிள்ளைகள். எடுத்துச் சுடுபவனுக்கோ – இதன் உறுப்பு அதற்கு ஆகாது, அதன் தோட்டா இதற்கு ஆகாது!

“இரண்டுமே 303ஆக இருந்தால், ஒன்றன் போல்ட்டை இன்னொன்றிலே மாட்டலாமே?” என்று கேட்டார் இளைஞர்.

“அங்கேதான் ஆபத்து. மாட்டும், நன்றாகவே மாட்டும்! மாட்டாமல் இருந்தாலாவது நீ பிழைத்தாய்!” என்றார் பெரியவர்.

எப்படி? அந்தத் துப்பாக்கியின் உடம்பிலே ஓர் எண் வெட்டியிருக்கும். போல்ட்டின் பிடியிலும் அதே எண் வெட்டியிருக்கும். ஏன் வெட்டினார்கள், அழகுக்கா? தோட்டாவின் அடிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளி, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனியே பார்த்துச் சரிசெய்யப்படுகிறது. மயிரிழை கூடினால், வெடிக்கும்போது தோட்டாக் கூடு பிளக்கும்; முன்னே போகவேண்டிய நெருப்பு பின்னே வரும்; எதிரியின் நெஞ்சுக்குப் போகவேண்டியது சுடுபவனின் கண்ணுக்கு வரும். அதனால்தான் அளவு பார்க்க இரண்டு கேஜ்: ஒன்றை வைத்தால் போல்ட் மூடவேண்டும், மற்றொன்றை வைத்தால் மூடக்கூடாது. மூடவேண்டியதற்கு மூடி, மூடக்கூடாததற்கு மூடாதிருந்தால்தான் துப்பாக்கி துப்பாக்கி. இல்லாவிட்டால் அது இரும்புக் குழாய்!

ஆவடியிலே 1965 முதல் டாங்கி செய்கிற நம் தோழர்களைக் கேளுங்கள், திருச்சியிலே 1960களில் எழுந்த துப்பாக்கித் தொழிற்சாலைத் தோழர்களைக் கேளுங்கள் – “பார்த்தால் சரியாக இருக்கிறது” என்ற பேச்சைப் பட்டறையிலே பேச விடமாட்டார்கள். “கேஜ் என்ன சொல்கிறது?” என்பார்கள்.

இந்த அளவுக் கலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. முன்பெல்லாம் கொல்லன் அரத்தால் ராவி ராவி ஒவ்வொரு துப்பாக்கியாகப் பொருத்தினான். ஒன்றன் விசை மற்றொன்றிலே உட்காராது. பிரான்சிலே ஒனரே பிளாங் என்ற கைவினைஞர், விசைப் பொறிகளைக் கழற்றிக் குவித்து, கைக்கு வந்த உறுப்புகளை எடுத்துப் பூட்டலாம் என்று காட்டினார். 1785இலே அதைத் தம் கையாலேயே பூட்டிப் பார்த்து வியந்தவர், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜெபர்சன். அந்த முறை அமெரிக்காவிலே வளர்ந்து இயந்திரமாயிற்று. 1850களிலே அந்த இயந்திரங்களைப் பிரிட்டிஷார் விலைக்கு வாங்கி, லண்டனை அடுத்த என்பீல்டு ஆலையிலே நிறுத்தினார்கள். என்பீல்டு! அந்தப் பெயர் நம் வரலாற்றிலே நெருப்பால் எழுதப்பட்ட பெயர் அல்லவா?

1857! என்பீல்டு துப்பாக்கியின் தோட்டா உறையிலே பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சு பாசறைக்குப் பாசறை பரவ, வடக்கே மூண்டது பெருந்தீ. கொழுப்புக் கதை எல்லோருக்கும் தெரியும். பள்ளிப் பாடத்திலே இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்த கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த என்பீல்டின் சிறப்பே குழலுக்குள்ளேதான். உட்சுவரிலே திருகுபோல வரிகள் ஓடும். குண்டு அந்தத் திருகுவரியிலே சுழன்று வெளிவரும். சுழல்வதால் நேரே போகும். பல நூறு கெஜத்துக்கு அப்பாலும் குறி தவறாது. கலகம் அடங்கியதும் ஆள்வோர் யோசித்தார்கள். சிப்பாய் வேண்டும், அவன் இல்லாமல் ஆட்சி இல்லை. சிப்பாய்க்குத் துப்பாக்கி வேண்டும், அது இல்லாமல் அவன் சிப்பாய் இல்லை. ஆனால் வெள்ளைச் சோல்ஜர் கையில் இருப்பதுபோன்ற துப்பாக்கி அவன் கையிலே இருக்கலாமா?

கண்டுபிடித்தார்கள் ஒரு வழி! 1858, 1859ஆம் ஆண்டுகளிலே இந்தியச் சிப்பாய்க்கென்று ஒரு புதிய என்பீல்டு. அதே கட்டை, அதே நீளம், அதே விசை, அதே சனியன்! குழலின் உட்புறத்தை மட்டும் கடைந்து, திருகுவரியை வழித்து எடுத்துவிட்டார்கள். 0.577 அங்குலத் துளை 0.656 அங்குலம் ஆயிற்று. தூரத்துக்கு ஏற்ப உயர்த்தும் குறிகாட்டியைப் பிடுங்கிவிட்டு, அசையாத ஒன்றைப் பொருத்தினார்கள். நூறு கெஜம் தாண்டினால் குண்டு எங்கே போகும் என்று குண்டுக்கே தெரியாது! கடைந்ததால் சுவர் மெலிந்து குழல் நசுங்கத் தொடங்கவே, அடுத்த மாதிரியிலே சுவரைத் தடிப்பாக்கினார்களே தவிர, திருகுவரியைத் திருப்பித் தரவில்லை. பீல் தலைமையிலே அமைந்த படைக் குழு, சென்னை, பம்பாய்ப் படைகளிலே மூன்று இந்தியருக்கு ஒரு வெள்ளையர், வங்கத்திலே இரண்டுக்கு ஒருவர் என்று கணக்கு வகுத்ததும் இதே காலந்தான்.

அணிவகுப்பிலே நின்ற சிப்பாய், தோளிலே சாய்த்த துப்பாக்கியைப் பார்த்துப் பெருமைப்பட்டிருப்பான். எண்ணெய் போட்டுத் துடைத்திருப்பான். குழலுக்குள்ளே கண் வைத்துப் பார்த்தவனுக்கல்லவா தெரியும், தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன பறிபோயிற்று என்று!

தோழர்களே, இனி அந்த இளைஞரின் துப்பாக்கிக்கு வருவோம்.

வேலைநிறுத்தம் தொழிலாளியின் படைக்கலம். ஐயமில்லை. ஆனால் இன்று அதன் குழலுக்குள்ளே இருப்பது என்ன? 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்திலே, முன்கூட்டி அறிவிப்புத் தரவேண்டும் என்ற கட்டாயம் பொதுப் பயன்பாட்டுத் தொழில்களுக்குத்தான். 2020இலே நிறைவேறி, 2025 நவம்பர் 21இலே நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பிலோ, எந்தத் தொழில் நிறுவனமானாலும் அறிவிப்பு வேண்டும். கொடுத்தபின் 14 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் சமரச அதிகாரி பேச்சுக்கு அழைத்துவிட்டால்? பேச்சு நடக்கும்வரை நிறுத்தக்கூடாது. முடிந்து 7 நாள்வரை நிறுத்தக்கூடாது. தீர்ப்பாயத்துக்குப் போனால், அது முடிந்து 60 நாள்வரை கூடாது. “வேலைநிறுத்தம் வேண்டாம், எல்லோரும் சேர்ந்து விடுப்பு எடுப்போம்” என்கிறீர்களா? பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் விடுப்பு எடுத்தால், அதுவும் வேலைநிறுத்தமே என்கிறது தொகுப்பு! மீறினால், பழைய சட்டத்திலே ஒரு மாதச் சிறை அல்லது 50 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சிறை அப்படியே இருக்க, அபராதம் மட்டும் 1,000 முதல் 10,000 ரூபாய் ஆகியிருக்கிறது.

பெயர் அதே வேலைநிறுத்தம். உருவம் அதே உருவம். திருகுவரி எங்கே?

இன்னும் வேடிக்கை கேளுங்கள். 2021இலே, 41 படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப் போகிறோம் என்றது டில்லி. தொழிலாளர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். உடனே வந்தது இன்றியமையாப் பாதுகாப்புப் பணிகள் அவசரச் சட்டம். சில வாரங்களிலே நாடாளுமன்றத்திலும் நிறைவேறிற்று. குறிப்பிட்ட காலத்துக்கென்று வந்த சட்டந்தான்; ஆனால் வந்த வேலையை முடித்தது. அக்டோபர் 1 அன்று ஏழு கம்பெனிகளும் பிறந்தன. நாட்டுக்கே துப்பாக்கி செய்து தருகிறவன் கையிலே, அவனுடைய துப்பாக்கி இல்லை!

“அப்படியானால் அடங்கிப் போகச் சொல்கிறீரா?” என்று கேட்பீர்கள். இல்லை, இல்லை! பழுதான துப்பாக்கியைப் பழுது என்று அறிந்தவன்தான் அதைப் பழுதுபார்க்கப் போராடுவான். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னையிலே முதல் தொழிற்சங்கம் கண்டவர்கள் செல்வபதியாரும் இராமானுஜலுவும். தலைமை ஏற்றவர் வாடியா. தோள் கொடுத்தவர் திரு.வி.க. அவர்களிடம் ஆள்பலம் இருந்தது, நியாயம் இருந்தது. சட்டக் காப்பு இல்லை. பின்னி நிறுவனம் உயர்நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. முன்னோர் முடங்கினார்களா? எந்த இடத்திலே ஓட்டை என்று கண்டார்கள். அந்த இடத்திலேயே தட்டினார்கள். 1926இலே தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

அவ்வளவு தூரம் ஏன்? இந்தத் திருத்தணியே சாட்சி! 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தபோது, சித்தூர் மாவட்டம் முழுவதும் அங்கே போயிற்று, திருத்தணியும் போயிற்று. தமிழன் குடியிருந்த ஊர் ஏன் போயிற்று? மாவட்டம் என்ற கேஜை வைத்து அளந்தார்கள்! ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகத்தாரும், மங்கலங்கிழாரும், விநாயகமும், இந்த வட்டாரத்து மக்களும் போராடினார்கள், சிறை சென்றார்கள். உணர்ச்சி மட்டுமா வென்றது? “அளவுகோலை மாற்று, கிராமத்தை அலகாகக் கொள், யார் எந்த மொழி பேசுகிறார்கள் என்று கணக்கெடுப்பைப் பார்” என்று வாதாடினார்கள். படாஸ்கர் அந்த அளவுகோலை ஏற்றார். 1959இலே சட்டம், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்திலே. அதே அளவுகோலின்படி இங்கிருந்த தெலுங்குக் கிராமங்கள் சில ஆந்திரத்துக்குப் போயின, அதுவும் நியாயந்தானே! ஒரு கேஜ் மாறியதால் மாறிற்று எல்லை.

மலைமேலே வேல் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கி 365 படி ஏறுவோர் ஏறட்டும். சினம் தணிந்த இடமாதலால் தணிகை என்று புராணிகர் சொல்லட்டும். நாம் யாரையும் சினம் தணியச் சொல்லவில்லை. இருவரின் வயிற்றில் அடித்ததைக் கண்டு ஓர் இளைஞன் சினக்காவிட்டால் அவன் இளைஞனே அல்லன்! ஆனால் அந்தச் சினம் சுடுபவன் கண்ணிலேயே வெடிக்கக்கூடாது.

அந்த இளைஞர் மறுநாள் விசையை இழுக்கவில்லை. ஊருக்கு வந்ததும் படிப்பகத்திலே நால்வரோடு உட்கார்ந்து தொகுப்பைப் பிரிவு பிரிவாகப் படித்தார், புரியாததை வழக்கறிஞரிடம் கேட்டார், கையொப்பம் திரட்டினார், முறைப்படி அறிவிப்புக் கொடுத்தார். சமரசப் பேச்சு நடக்கிறது. முடிவு என்னவோ, இன்றைக்குச் சொல்ல இயலாது. ஆனால் முன்பு இருவர் தனியே நின்றார்கள். இன்று அவர்களுக்குப் பின்னே பட்டறையே நிற்கிறது. வேறொருவர் வேலையும் போகவில்லை.

தோழனே! உன் ஊர்ப் படிப்பகத்திலே அந்தத் தொகுப்பு இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே வாங்கி வை. ஒருவர் உரக்கப் படிக்கட்டும்; பத்துப் பேர் கேட்கட்டும். குழலுக்குள்ளே பார்த்துவிட்டு, பிறகு தோளிலே சாய்த்துக்கொள்.