மின்னலில் காப்பாற்றுவது டயரா, காரின் 'பாடி'யா? பைக் ஓட்டுபவர்கள் அவசியம் படிக்கவும்!

இடி மின்னலின்போது காருக்குள் இருப்பது பாதுகாப்பு. ஏன் என்று கேட்டால், 'டயர் ரப்பராச்சே, கரன்ட் பாயாது' என்பார்கள் பலர். இந்தக் காரணம் தவறு. தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. 'பைக்கிலும் ரப்பர் டயர்தானே?' என்ற தைரியத்தைக் கொடுத்துவிடும்.

காற்றும் ரப்பரைப் போல மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அந்தக் காற்றையே கிலோமீட்டர் கணக்கில் கிழித்து வரும் மின்னலுக்கு டயரெல்லாம் ஒரு தடையே இல்லை. அப்படியென்றால் காப்பாற்றுவது எது? காரின் உலோக உடல்தான்.

எப்படி?

உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் தாராளமாக நகரும். ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அதனால், ஓர் உலோகப் பெட்டிக்குக் கூடுதல் மின்னூட்டம் கொடுத்தால் அது முழுவதும் வெளிப்பரப்புக்குப் போய்விடும். கூர்மையான முனை இருந்தால் அங்கே இன்னும் நெருக்கமாகச் சேரும். உள்ளே? ஒன்றுமே இருக்காது.

உள்ளேயே போய் நின்ற ஃபாரடே

1836-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே இதைச் செய்தே காட்டினார். 12 அடி நீளம், அகலம், உயரத்தில் ஒரு மரச்சட்ட அறை. அதைச் சுற்றி செப்புக் கம்பி வலை, காகிதம், உலோகத் தாள் பட்டைகள். வெளியே தீப்பொறி பறக்கும் அளவுக்கு மின்னூட்டம். ஆனால் உள்ளே நின்ற ஃபாரடேயின் கருவிகள் துளிகூட அசையவில்லை. இதுதான் 'ஃபாரடே கூண்டு'.

மின்னல் என்பது ஓரிடத்தில் நிற்கும் மின்னூட்டம் இல்லை, பாயும் மின்சாரம். ஆனாலும், இவ்வளவு வேகமாக ஏறி இறங்கும் மின்சாரம் உலோகத்தின் வெளிப்பக்கத்தை ஒட்டியே ஓடும். காரின் கூரையில் விழுந்து, பக்கவாட்டில் இறங்கி, தரைக்குப் போய்விடும்.

என்ன செய்ய வேண்டும்?

* காரில் இருந்தால் கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள். கதவின் உலோகப் பகுதியையும் சார்ஜரில் மாட்டிய போனையும் தொடாதீர்கள்.

* பைக், ஸ்கூட்டர், துணிக்கூரை ஆட்டோ எதிலும் உங்களை மூடும் உலோகக் கூடு இல்லை. டயரை நம்பாதீர்கள். மரத்தடியிலும் ஒதுங்காதீர்கள். பக்கத்தில் உள்ள உறுதியான கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

* கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிடம் கழித்தே கிளம்புங்கள். வீட்டுக்கு லேட்டாகப் போனால் பரவாயில்லை!