வெண்கவசம் புனைவோர்

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வீட்டுப் பிள்ளைகளின் வற்புறுத்தலுக்கு இணங்கி, தலைநகரில் நடைபெற்ற காமிக் கான் என்னும் சித்திரக்கதை விழாவுக்கு நாம் சென்றிருந்தோம். 2011-இல் தில்லி ஹாட்டில் தொடங்கிய இவ்விழா, பின்னர் மும்பை, பெங்களூரு, ஐதராபாத் ஆகிய நகரங்களுக்கும் பரவி, 2024-இல் சென்னையையும் எட்டியது. ஆகவே, நேயர்கள் எந்த ஊரில் குடியிருந்தாலும், இத்தகைய கூட்டத்தை இதற்குள் பார்த்திருக்கக்கூடும். தலை முதல் கால் வரை வெண்ணிறக் கவசம் பூண்டு, கண்களின் இடத்தில் கருங்கண்ணாடி பதித்த தலைச்சீரா அணிந்த உருவம் ஒன்று எதிரே வந்தது. நாம் வழிவிட்டு ஒதுங்குமுன்பே அதனுள்ளிருந்து தமிழ்க் குரல் எழுந்தது.

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எனக்குக் கீழே எதுவும் தெரியாது."

திகைத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. கரோல்பாக்கில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை அவன். நான்கு மாதங்கள் உழைத்து அக்கவசத்தைத் தன் கையாலேயே செய்ததாகக் கூறினான். அருகில் நாற்காலி இருந்தும் அவனால் உட்கார இயலவில்லை. தோழன் ஒருவன் சீராவைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் கொடுத்தான். வளர்ந்த பிள்ளைகள் இவ்வளவு பாடுபட்டு இதை ஏன் செய்கிறார்கள் என்னும் கேள்வி அன்று நம்மைப் பற்றிக்கொண்டது. அதன் பயனாகப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்த வழக்கத்தை விட முடிவதில்லை. பதிற்றுப்பத்து தன் அரசனை மெய்ம்மறை என்று அழைக்கிறது. உடலை மறைத்துக் காக்கும் கவசத்துக்குப் பழந்தமிழ் வைத்த பெயர் அது. நாம் பேசப்போகும் கவசமோ அம்பையும் தடுக்காது, வாளையும் தடுக்காது. ஓங்கித் தட்டினால் விரிசல் காணும். காப்பதற்காக அன்றி, வேறொருவராகத் தோன்றுவதற்காகவே அணியப்படுவது. ஆயினும் மெய்யை மறைக்கும் வேலையை அது முழுமையாகச் செய்கிறது. வேடம் என்பதைவிட மெய்ம்மறை என்பதே பொருத்தமாக நமக்குப் படுகிறது.

விஞ்ஞானக் கற்பனை அன்பர்கள் உடைபுனையும் வழக்கம் 1939-இல் தொடங்கியதாகக் கொள்வர். அவ்வாண்டு நியூயார்க்கில் நடைபெற்ற முதல் உலக விஞ்ஞானக் கற்பனை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மன் என்பவரும் மிர்ட்டில் டக்ளஸ் என்னும் அம்மையாரும் எதிர்கால மனிதர்களைப் போல் உடுத்திச் சென்றனர். இருவருடைய உடைகளையும் தைத்தவர் அந்த அம்மையாரே. அக்கர்மனின் பெயரை நினைவிற்கொண்டவர்கள் ஊசி பிடித்தவரை நெடுங்காலம் மறந்திருந்தார்கள். துணியிலிருந்து கவசத்துக்கு இவ்வழக்கம் தாவியதற்குப் பெருங்காரணம் 1977-இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் திரைப்படம் எனலாம்.

அப்படத்தில் வரும் கொடுங்கோல் அரசின் சிப்பாய்களே வெண்கவச வீரர்கள். அவர்களின் தோற்றத்தை ஓவியமாகத் தீட்டியவர் ரால்ஃப் மக்குவாரி. படத்தின் உடைகளை அமைத்த ஜான் மோலோவுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. கவசத்தின் உறுப்புகளைக் களிமண்ணில் வடித்தவர் பிரையன் முய்ர் என்னும் ஆங்கிலச் சிற்பி. இலண்டனை அடுத்த டுவிக்கன்ஹாமில் பட்டறை வைத்திருந்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வர்த் அவற்றைப் பிளாஸ்டிக்கில் வார்த்தெடுத்தார். ஏறத்தாழ ஐம்பது தலைச்சீராக்கள் அவர் பட்டறையிலிருந்து வந்தன. விரைவாகவும் மலிவாகவும் செய்த பொருள்கள் அவை. படப்பிடிப்பு முடியும்வரை உழைத்தால் போதும் என்பதே அன்றைய எண்ணம். அந்த அவசர வேலையின் கோணல்களையும் பிசிறுகளையும் அளவெடுத்து, அப்படியே மீண்டும் செய்வதற்கு உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் பின்னாளில் இரவும் பகலும் உழைப்பார்கள் என்று அப்பட்டறையில் எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

செய்யும் முறையைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். ஏ.பி.எஸ். என்று வழங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டைச் சட்டத்தில் இறுக்கிச் சூடேற்றுவார்கள். தகட்டின் கனம் இரண்டு மில்லிமீட்டர் அளவே. தணலில் வாட்டிய வாழையிலையைப் போல் அது குழைந்து, நடுவில் தொய்ந்து இறங்கும். அந்தப் பக்குவம் தப்பாமல் அதை அச்சின்மேல் கவிழ்த்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சியதும், தகடு அச்சோடு ஒட்டிப் படிந்துவிடும். சூடு குறைந்தால் மூலைகள் படியா. மிகுந்தால் தகடு மெலிந்து கிழியும். ஆறியபின் பிரித்தெடுத்தால் மார்புக்கவசத்தின் முன்பகுதி கையில் இருக்கும். முதுகு, வயிறு, இடுப்பு, தோள், மேற்கை, முன்கை, தொடை, முழந்தாள், கெண்டைக்கால் என்று ஒவ்வோர் உறுப்புக்கும் தனி அச்சு உண்டு. இவ்வச்சு வேலையை ஒரு சிலரே செய்கின்றனர். மற்றவர்கள் வார்த்த துண்டுகளைப் பெட்டியாக வாங்கி வந்து, வீட்டில் பொருத்திக்கொள்கின்றனர்.

வீட்டில்தான் உண்மையான பாடு தொடங்குகிறது. திரைப்படத்துக் கவசம் மெலிந்த உடலுக்காக அமைந்தது. அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்க்கும் நம்மைப் போன்றோருக்குத் தொடைக்கவசத்தின் இரு பாதிகளும் பின்புறத்தில் சேர மறுக்கும். மிச்சத் தகட்டிலிருந்து பட்டை வெட்டி, இடைவெளியில் வைத்து ஒட்டவேண்டும். ஒட்டிய இடம் தெரியாமல் இருக்க, வெட்டி வீழ்ந்த துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி, விரிசலில் பூசி, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்ப்பார்கள். அசிட்டோன் மிகுந்தால் கவசமே நொறுங்கும் தன்மை அடையும். அதன் ஆவி மூச்சுக்கும் ஆகாது. அது எளிதில் தீப்பற்றும். சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பங்கரைக்குத் தொலைவில் செய்யவேண்டிய வேலை அது. இரு பாதிகள் சேரும் கோட்டின்மேல் குறுகிய மறைப்புப் பட்டையும் ஒட்டவேண்டும். பசை இறுகும்வரை காந்தங்களாலும் கிடுக்கிகளாலும் பிடித்துவைத்துக் காத்திருக்கவேண்டும். ஓர் இணைப்புக்கு ஒரு நாளாவது ஆகும். ஒரு காலுக்கு எத்தனை இணைப்புகள் என்று கணக்கிட்டால், மாதங்கள் ஏன் ஓடுகின்றன என்பது விளங்கும். வளைவு சரியில்லாத துண்டைக் கொதிநீரில் அமிழ்த்திக் கையால் வளைத்துக்கொள்வதும் உண்டு.

இவை யாவும் முடிந்தபின், நாடாக்களாலும் அழுத்துப் பொத்தான்களாலும் எல்லாத் துண்டுகளையும் ஒன்றோடொன்று தொங்கவிட்டு, உள்ளே கறுப்பு உடையும் வெளியே கவசமும் அணிந்து நடந்து பார்க்கிறார்கள். உடனே தெரிய வருவது வலி. தகட்டின் விளிம்பு முழங்கையின் மடிப்பிலும் முழந்தாளின் பின்புறத்திலும் கிள்ளிச் சிவக்க வைக்கும். சீராவினுள் மூச்சுக்காற்று கண்ணாடியை மங்கச் செய்யும். அதற்காகச் சிறு விசிறிகளைப் பொருத்துகிறார்கள். கீழ்ப்பார்வை அறவே இல்லை. 1977-ஆம் ஆண்டுப் படத்திலேயே ஒரு வீரர் கதவின் மேற்சட்டத்தில் தலையை மோதிக்கொள்கிறார். படத்தொகுப்பில் அது வெட்டப்படாமல் தங்கிவிட்டது. 2004-இல் வெளியிட்ட பதிப்பில் மோதும் ஒலியையும் வேண்டுமென்றே சேர்த்தார்கள். இக்காரணத்தால் கவசம் பூண்டவர் எவரும் தனியே செல்வதில்லை. சாதாரண உடையில் ஒரு தோழர் கூடவே வந்து, படிக்கட்டைச் சொல்லி, குழந்தைகளைக் காத்து, தண்ணீர் கொடுப்பார். அந்தத் தோழரின் பெயரை எந்தப் புகைப்படமும் சொல்லாது.

இவர்களுடைய பெருஞ்சங்கத்தின் பெயர் ஐந்நூற்றொன்றாம் படையணி. 1997-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஆல்பின் ஜான்சன் என்பவர் தம் நண்பர் டாம் குரூசுடன் சேர்ந்து தொடங்கியது. கார் விபத்து ஒன்றில் ஒரு காலை இழந்தவர் ஜான்சன். வெண்கவசத்துக்குள் புகுந்துவிட்டால் எந்தக் கால் சொந்தக்கால், எந்தக் கால் பொய்க்கால் என்று எவராலும் கூற இயலாது. அவரைக் கவசத்தின்பால் இழுத்தது இதுதான் என்று நாம் சொல்லவில்லை. எனினும், இச்செய்தியை அறிந்தபின் அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்க நமக்கு மனம் வரவில்லை. இன்று பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இதில் உறுப்பினர். பதினெட்டு வயது நிறைந்திருக்கவேண்டும். கவசம் திரையில் கண்டதோடு ஒத்திருக்கிறதா என்று உறுப்பு உறுப்பாகச் சரிபார்த்தபின்பே எண் வழங்கப்படும். தட்டையான கண்ணாடி உள்ள சீராவா, புடைத்த கண்ணாடி உள்ள சீராவா என்பது பற்றி அவர்களிடையே நடக்கும் வாதங்கள், பாடபேதம் பற்றிப் புலவர்கள் நிகழ்த்தும் வாதங்களுக்குச் சற்றும் குறைந்தவையல்ல. 2004-இல் திமத்தி ஜான் என்னும் நாவலாசிரியர் ஸ்டார் வார்ஸ் நாவல் ஒன்றில் இப்படையணியையே கதைக்குள் சேர்த்துவிட்டார். 2007 புத்தாண்டு நாளில், பாசதீனா நகரத்து ரோஜா அணிவகுப்பில் இருநூறு பேர் அளவில் கவசத்துடன் ஐந்தரை மைல் நடந்தனர். அன்று அணிவகுப்புக்குத் தலைமை தாங்கியவர் படத்தை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ்.

இவர்கள் நிகழ்ச்சிகளுக்குக் கூலி பெறுவதில்லை. அழைப்பவர் ஏதேனும் கொடுக்க விரும்பினால், அறநிலையம் ஒன்றுக்குக் கொடுக்கச் சொல்லுகின்றனர். குழந்தைகள் மருத்துவமனைகளுக்கும் செல்கின்றனர். பட நிறுவனத்தின் சொத்தாகிய உருவத்தை விற்றுப் பொருள் ஈட்டாதவரை, அந்நிறுவனமும் இவர்களைத் தடுப்பதில்லை. ஈட்ட முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கே சான்று. சீராக்களை வார்த்த அதே ஐன்ஸ்வர்த், பழைய அச்சுகளைக் கொண்டு 2004 முதல் புதியவை செய்து விற்றார். பட நிறுவனம் அமெரிக்காவில் அவர்மேல் தீர்ப்புப் பெற்று, இங்கிலாந்திலும் வழக்குத் தொடுத்தது. சீரா ஒரு சிற்பமா, அல்லது படப்பிடிப்புக்கு உதவிய ஒரு பண்டமா என்பதே அங்கே எழுந்த கேள்வி. சிற்பமானால் ஆசிரியரின் ஆயுளுக்கு அப்பாலும் பதிப்புரிமை நீளும். 2011 ஜூலையில் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம், அது சிற்பம் அன்று என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியதற்காக இங்கிலாந்து நீதிமன்றத்திலேயே வழக்காடலாம் என்றும் கூறிற்று. இரு தரப்பும் பாதி வென்று பாதி தோற்றன. கவசத்தைப் பதினெட்டு மாதம் இழைத்தவரிடம் போய், அது கலைப்பொருள் அன்று எனச் சட்டம் சொல்கிறது என்று நாம் சொல்லத் துணியோம்.

இனி, அச்சங்கத்தினர் குரல் தாழ்த்திப் பேசும் செய்தி ஒன்று. ஜான்சனின் சிறு மகளுக்கு மூளையில் புற்றுநோய் கண்டது. ஸ்டார் வார்ஸ் படத்தில் ஆர்2-டி2 என்று ஒரு சிறு இயந்திரம் உருண்டு திரியும். தனக்குத் துணையாக அதைப் போன்ற இயந்திரம் வேண்டும் என்று மகள் விரும்பினாள். அத்தகைய இயந்திரங்களை வீட்டிலேயே செய்யும் அன்பர்களின் தனிக் கூட்டம் ஒன்று உண்டு. புதிதாகச் செய்து முடிக்கக் காலம் போதாது என்று கண்ட அவர்கள், ஏற்கெனவே ஒருவரிடம் இருந்ததை, நீலம் இருந்த இடமெல்லாம் இளஞ்சிவப்பாக மாற்றி, 2005-இல் அவளிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் அவள் மறைந்தாள். அவளுக்கென்று தொடங்கிய இயந்திரத்தை அவர்கள் பாதியில் நிறுத்தவில்லை. 2006-இல் அது முடிவடைந்தது. அவள் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து ஆர்2-கேடி என்று பெயரிட்டனர். மருத்துவமனைகளில் நோயுற்ற குழந்தைகளின் கட்டில்களிடையே அது உருண்டு சென்றது. 2015-இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் படத்திலும் ஒரு காட்சியில் அந்த இளஞ்சிவப்பு இயந்திரம் தென்படுகிறது. உற்றுப் பார்ப்பவர்களுக்கே தெரியும்.

கரோல்பாக் பிள்ளையின் கவசம் ஏ.பி.எஸ். தகட்டால் ஆனதன்று. குழந்தைகள் விளையாடும் இடத்தில் விரிக்கும் நுரைப் பாயை வாங்கி வெட்டி, சூடேற்றி வளைத்து, பசையால் ஒட்டி, மேலே வண்ணம் பூசியிருந்தான். அச்சங்கத்தின் அளவுகோலில் இது தேறாது என்பதை அவனே சொன்னான். தகட்டுப் பெட்டியை வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் செலவு அவனால் ஆகாது. நாடாக்களையெல்லாம் தைத்துக் கொடுத்தவர் அவன் பாட்டி. இதென்ன கூத்து என்று முதல் நாள் கேட்டவர், பிறகு அழுத்துப் பொத்தானின் இடத்தைத் தாமே குறித்துக் கொடுத்தாராம். நாம் பேசிக்கொண்டிருக்கையில், நாலைந்து வயதுள்ள சிறுமி ஒருத்தி அவன் எதிரே வந்து நின்று அவனுக்குச் சலாம் வைத்தாள். அவனுக்கு அவள் தெரியவில்லை. கூட இருந்த தோழன் சீராவின் பக்கத்தில் வாய்வைத்து ஏதோ சொன்னான். அவன் இடுப்பை மடக்க இயலாமல், முழங்கால்கள் கிரீச்சிட, மெல்ல மெல்லத் தாழ்ந்து அவளுக்குப் பதில் சலாம் வைத்தான். மீண்டும் எழுந்து நிற்பதற்கு இருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. அவர்களுள் ஒருவர் நாம்.