தமுக்கம் மைதானமும் சித்திரைப் பொருட்காட்சியும்

சமணமலை அடிவாரத்துக் கீழக்குயில்குடி முதலாய ஊர்களில் உள்ள நம் அங்கத்தினர்களுக்குச் சித்திரைப் பொருட்காட்சி என்றவுடன் வைகை வடகரையிலுள்ள தமுக்கம் மைதானமே நினைவுக்கு வரும். அவ்விடம் குடியானவரும் நெசவாளரும் கூடும் களமானது எவ்வாறு என்பதை அறிந்துகொள்ளுதல் நன்று.

மதுரையில் கோயில் திருவிழாவும் கால்நடைச் சந்தையும் நெடுங்காலம் இணைந்தே நடந்து வந்தன. மாசியில் நடைபெற்ற மீனாட்சி திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் (1623–1659) சித்திரைக்கு மாற்றினார் என்பர். மாசி அறுவடைக் காலம். தேர் வடம் பிடிக்க ஆள் கிடைப்பது அரிது. சித்திரையிலோ களம் ஒழிந்திருக்கும். நெல் விற்ற பணம் கையில் இருக்கும். நல்லேர் பூட்டுவதற்கு உழவு மாடும் தேவைப்படும். ஆகவே சாமி பார்க்க வந்தவர் மாடும் பிடித்துச் சென்றனர். தாவணி என்பது மாடுகளை வரிசையாகக் கட்டும் கயிற்றையும், மாட்டுச் சந்தையையும் குறிக்கும் சொல். இன்று பேருந்து நிலையமாக அறியப்படும் மாட்டுத்தாவணியின் பெயரில் அப்பழைய வாணிபம் நிலைத்துள்ளது.

தமுக்கமோ அரசருக்கு உரிய இடமாயிருந்தது. அங்குள்ள நாயக்கர் காலத்து மாளிகை ராணி மங்கம்மாளின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. யானைப்போர் முதலிய விளையாட்டுகளை அதன் மேலிருந்து கண்டனர் என்பர். ஆங்கிலேயர் ஆட்சியில் அது கலெக்டரின் இருப்பிடமாயிற்று. 1959 ஏப்ரல் 15-ஆம் நாள் அம்மாளிகையில் காந்தி நினைவு அருங்காட்சியகத்தைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். 1921 செப்டம்பரில் இதே மதுரையில்தான் காந்தியடிகள் ஏழை உழவரைப் போல அரையாடை பூண்டார் என்பது நெசவாளர் மறவாத செய்தி.

அரசர் வேடிக்கை பார்த்த வெளி பின்னர்ப் பொதுமக்களின் மைதானமாயிற்று. சித்திரைதோறும் பல்லாண்டுகள் அங்கே பொருட்காட்சி நடந்தது. அரசுத் துறைகளின் அரங்குகளில் புதிய விதைகளையும் கருவிகளையும் கைத்தறித் துணிகளையும் மக்கள் கண்டனர். 2022-ஆம் ஆண்டில் அம்மைதானத்தில் பெரியதொரு மாநாட்டு மையம் திறக்கப்பட்டது. மழைக்கும் வெயிலுக்கும் கூரை வேண்டும். அதனை நாம் குறை கூறவில்லை. ஆயினும் தளம் போட்ட மண்டபத்தில் மாட்டை நடத்திப் பார்க்கவோ, கலப்பையை மண்ணில் இறக்கிப் பார்க்கவோ இயலாது. விவசாயக் காட்சிக்குக் கூரையைக் காட்டிலும் வெறுமண் இன்றியமையாதது. நகரத்தில் ஒருமுறை கட்டடம் எழுந்த நிலம் மீண்டும் வெளியாவது அரிது. எனவே எந்த இடத்தில் பொருட்காட்சி நடப்பினும், உழவுக்கும் கால்நடைக்கும் உரிய திறந்த வெளியை ஒதுக்குமாறு நம் சங்கங்கள் தீர்மானம் செய்து கேட்டல் வேண்டும்.

அங்கத்தினருக்கும் கடமை உண்டு. பொருட்காட்சி ராட்டினம் ஏறி, அப்பளம் தின்று திரும்புவதற்கு மட்டும் அன்று. விதைப் பையின் அட்டையைப் பாருங்கள்: வெள்ளை ஆதார விதைக்கும், நீலம் சான்று விதைக்கும் உரியவை. துணியில் கைத்தறி முத்திரை உண்டா என்று நோக்குங்கள். நூலின் நம்பரைக் கேளுங்கள். கேட்டறிந்ததை அடுத்த சங்கக் கூட்டத்தில் எடுத்துரையுங்கள். ஒருவர் கண்டது அனைவருக்கும் பயன்படுவதே கூட்டுறவு. கேட்பாரும் ஒப்பிடுவாரும் வரும் வரையில்தான் பொருட்காட்சி உழவருக்கும் நெசவாளருக்கும் உரியதாக நிற்கும்.