மிலிட்டரிக்காரர் வீட்டுக் காகிதங்கள்

வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் ஒன்றாகப் படித்தவர்களில் இரண்டு கூட்டம் தனியாகத் தெரியும். பதினெட்டு வயதில் ஆள்சேர்ப்பு முகாமில் ஓடி மிலிட்டரிக்குப் போனவர்கள் ஒரு கூட்டம். தேர்வாணையத் தேர்வு எழுதித் தாலுகா ஆபீஸ், கருவூலம், பத்திரப்பதிவு என்று போனவர்கள் இன்னொன்று. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே ஊர்க்காரர்கள் அழைக்கும் அளவுக்கு முதல் கூட்டம் பெரிது. அவர்களில் பெரும்பாலானோர் நாற்பது வயதை ஒட்டிப் பென்ஷனோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். தமிழக அரசு ஊழியருக்கோ அறுபதில் ஓய்வு. அதற்குப் பிறகு ஏதாவது உருப்படியாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிற அலுவலருக்கு, கூடப் படித்தவர்களின் வீடுகளிலேயே வேலை இருக்கிறது.

பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் மிலிட்டரிக்காரரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவார்கள். அதில் தவறில்லை. ஆனால் அவருக்கு நிஜமாகத் தேவைப்படுவது கோப்பு தெரிந்த ஓர் ஆள். பதினைந்து இருபது ஆண்டு எல்லையில் நின்றவருக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் எந்தச் சான்று கேட்பது, எந்த இணைப்பு இல்லாவிட்டால் மனு திரும்பும், ஒப்புகைச் சீட்டு ஏன் முக்கியம் என்பதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. முப்பது ஆண்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கு அது தூக்கத்திலும் தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது பெயர். இதை நான் சற்று விரித்தே சொல்கிறேன். ஏனென்றால் பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

படையில் சேரும்போதே வீரரின் பெயர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் பதிவாகிவிடும். நம் ஊர் இனிஷியல் முறை வட இந்திய எழுத்தருக்குப் புரியாது. எஸ். முருகன் என்பவர் ஒரு காகிதத்தில் முருகன் எஸ் ஆவார், இன்னொன்றில் முருகன் சுப்பிரமணி ஆவார். கல்யாணம் ஆனதும் யூனிட்டில் சொல்லி, ‘பார்ட் டூ ஆர்டர்’ என்கிற உத்தரவில் மனைவி பெயரை ஏற்ற வேண்டும். குழந்தை பிறந்தாலும் அப்படியே. அங்கே ‘லக்ஷ்மி’ என்று ஏறிய பெயர் ஆதாரில் ‘லட்சுமி அம்மாள்’ என்று இருக்கும். பிறந்த தேதி இரண்டிலும் வேறாக இருக்கும். சிலர் பார்ட் டூ ஆர்டரே போடாமல் ஓய்வு பெற்றிருப்பார்கள். ஓய்வுக்குப் பின் திருமணம் செய்தவர்கள் அதைத் தெரிவிக்காமலே விட்டிருப்பார்கள்.

வீரர் உயிரோடு இருக்கும்வரை இதெல்லாம் யார் கண்ணிலும் படாது. மாதாமாதம் பென்ஷன் வந்துகொண்டிருக்கும். அவர் இறந்த பிறகுதான், குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும் மனைவியை ‘நீங்கள் வேறு ஆள்’ என்று கணினி திருப்பி அனுப்பும். இப்போது பாதுகாப்புத் துறைப் பென்ஷன் ‘ஸ்பர்ஷ்’ என்ற இணையவழி முறைக்கு மாறியிருக்கிறது. பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறை அலுவலகம் அதை நடத்துகிறது. முன்பு வங்கி மேலாளர் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொண்ட சின்ன வேறுபாடுகளை இந்த முறை ஒப்புக்கொள்வதில்லை.

ஆகவே உதவ வருகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை, நண்பர் நலமாக இருக்கும்போதே அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம், பிபிஓ எனப்படும் பென்ஷன் ஆணை, தம்பதியின் ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரே மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது. பிபிஓவில் மனைவி பெயர் இருக்கிறதா? பிறந்த தேதி பொருந்துகிறதா? வீட்டில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் அந்தப் பெயர் ஏறியிருக்கிறதா? பெற்றோருக்குப் பின் அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெற வழி உண்டு. பலருக்கு இது தெரியாது.

திருத்தம் வேண்டுமென்றால், அவருடைய படைப்பிரிவின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன். மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்றால் பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஈஎம்இக்கு செகந்திராபாத். நேரில் போக வேண்டியதில்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலம் அனுப்பலாம். ஊரில் ‘சோல்ஜர் போர்டு’ என்று சொல்வது இந்த அலுவலகத்தைத்தான். உதவி இயக்குநர் ஒருவர் அதற்குப் பொறுப்பு. கலெக்டர் தலைமையில் முன்னாள் படைவீரர்களுக்கென்றே குறைதீர் கூட்டமும் அவ்வப்போது நடக்கும். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 30 நாள் கெடு, அதன் பிறகு மேல்முறையீடு. இதை அரசு ஊழியருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரே எத்தனையோ மனுக்களுக்குப் பதில் எழுதித் தவித்திருப்பார்.

குடும்ப ஓய்வூதியத்தில் ஒரு கணக்கையும் சரிபார்க்க வேண்டும். சாதாரண விகிதம் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. ஆனால் ஓய்வு பெற்றவர் இறந்தால் முதல் 7 ஆண்டுகளுக்கு, அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயதாகும் நாள் வரைக்கும், இரண்டில் எது முந்தியதோ அதுவரை 50 விழுக்காடு தர வேண்டும். ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ திட்டம் 2014 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுநிர்ணயம் ஆகிறது. 2019-க்கான நிலுவை ஏதும் விடுபட்டிருக்கிறதா, 2024 மாற்றம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. விதவைகளின் கணக்கில்தான் இது அதிகம் கவனிப்பாரற்றுக் கிடக்கும்.

ஊன ஓய்வூதியம் வேறு உலகம். பணிக்காலத்தில் வந்த நோய் அல்லது காயத்தால் ஏற்பட்ட ஊனம் 20 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்து, பணியால் ஏற்பட்டது அல்லது பணியால் மோசமானது என்று ஏற்கப்பட்டால் அது கிடைக்கும். மருத்துவக் குழு ‘பணிக்குத் தொடர்பில்லை’ என்று எழுதிவிட்டால் நம்மவர்கள் பெரும்பாலும் அதோடு விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால் அது பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும், மறுக்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பருக்குப் பின் வெளியே வந்தவர்களுக்கு விதிகள் மாறியிருக்கின்றன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வழக்கு என்று போனால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலேயே அமர்வு உண்டு. வாதாடுவது வழக்கறிஞர் வேலை. மருத்துவக் குழு அறிக்கையின் நகலை வாங்கி, தேதிவாரியாக அடுக்கிக் கொடுப்பது உங்கள் வேலை. வழக்கில் பாதி அதில்தான் இருக்கிறது.

பென்ஷனே இல்லாதவர்களை மறந்துவிட வேண்டாம். 15 ஆண்டு முடிக்காமல் வந்த ஜவான்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்த, 65 வயது கடந்த, பென்ஷனற்றவர்களுக்கு மத்திய படைவீரர் வாரியம் வறுமை உதவித்தொகை தருகிறது. கைம்பெண்களுக்கும் அது உண்டு. சோல்ஜர் போர்டு வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். 2022-இல் தொடங்கிய அக்னிவீர் முறையில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே தொடர்வார்கள். மற்றவர்கள் 4 ஆண்டில் பென்ஷன் இல்லாமல் வீடு வருவார்கள். வருங்காலத்தில் உங்களைத் தேடி வரப்போவது அந்தப் பிள்ளைகள்தான்.

கொஞ்சம் கண்டிப்பான பேச்சு. அசல் காகிதங்களை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பர்ஷ் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கேட்காதீர்கள். டீச்செலவு உட்பட ஒரு ரூபாய் வாங்காதீர்கள். நிலுவைத் தொகையில் பங்கு கேட்கும் தரகர்கள் இந்தத் துறையில் உண்டு, உங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். பென்ஷன் ஏடிஎம் அட்டையை அடகு பிடித்திருக்கும் வட்டிக்காரர் யாராவது இருந்தால், அவரிடம் ஒன்று சொல்லுங்கள்: 1871-ஆம் ஆண்டுப் பென்ஷன் சட்டப்படி, வரவிருக்கும் ஓய்வூதியத்தை எழுதிக் கொடுப்பது செல்லாது.

உங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் இன்றே ஒரு வரி போடுங்கள்: ‘மிலிட்டரி நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை பிபிஓவோடு வரவும், மனைவியையும் அழைத்து வரவும்.’ மனைவி வருவது முக்கியம். பிற்பாடு அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலையப் போகிறவர் அவர்தான்.