பின்வளவில் சுடுதிடல்: பெயர்ப்பலகை அடிக்க முதல்

ரொறன்ரோ நெரிசலை விட்டு ஐந்து, பத்து ஏக்கர் காணியோடு வீடு வாங்கிப் போகிற குடும்பங்கள் எங்களுக்குள்ளும் இருக்கின்றன. காணி கிடைத்ததும் முதலில் மிளகாய்க் கன்று, பிறகு கோழிக்கூடு. இப்போது சில வீடுகளில் பிள்ளைகள் மூன்றாவதாக ஒன்று கேட்கிறார்கள்: பின்வளவில் குறிபார்த்துச் சுட ஒரு இடம். அதற்கொரு பெயரும் பலகையும் வேண்டுமாம். கணக்கு வேலைக்கு வருகிறவர்கள் இதையும் விசாரிப்பதால், ஒன்ராறியோ நடைமுறையை நாங்கள் விளங்கிக்கொண்ட அளவில் எழுதுகிறோம்.

முதலில் பார்க்கவேண்டியது உறுதி அல்ல, உள்ளூர்ச் சபையின் துணைவிதி. துவக்குச் சுடுவதைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ 2001ஆம் ஆண்டு நகரசபைச் சட்டம் சபைகளுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. காற்றுத்துவக்கு, வில், குறுக்குவில் எல்லாம் அதற்குள் வரும். "காணி என்ரை, நான் சுடுவன்" என்ற கதை இங்கே எடுபடாது.

அடுத்தது துவக்கின் வகை. கட்டுப்படுத்தப்பட்ட வகைத் துவக்குகளை, கைத்துப்பாக்கி உட்பட, குறிபார்த்துப் பழகுவதென்றால் அங்கீகாரம் பெற்ற திடலில்தான் சுடலாம். வீட்டு வளவில் ஒருபோதும் முடியாது. மிச்சமிருப்பது சாதாரண வேட்டைத் துவக்கும் .22 ரைபிளும். இவற்றுக்கும் பாதுகாப்புப் பயிற்சி முடித்து எடுத்த உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத விருந்தாளி, உரிமக்காரர் பக்கத்தில் நின்று நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டுமே தொடலாம். வினாடிக்கு 500 அடியைத் தாண்டாத காற்றுத்துவக்குக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் மேலே சொன்ன துணைவிதி அதையும் பிடிக்கும்.

பெயர் விசயத்தில்தான் ஆட்கள் அதிகம் இடறுகிறார்கள். சமஷ்டி ஒழுங்குவிதியின்படி, குறிபார்த்துச் சுடுவதற்கென ஒழுங்காகவும் கட்டமைப்போடும் நடத்தப்படுகிற இடம் 'சுடுதிடல்'. அப்படியான ஒன்றை நடத்த மாகாண அங்கீகாரம் வேண்டும்; ஆகக்குறைந்தது 20 இலட்சம் டொலர் பொறுப்புக் காப்புறுதியும் காட்டவேண்டும். வீட்டுக்காரர் எப்போதாவது தன் வளவில் சுடுவது வேறு. பெயர்ப்பலகை, சனிக்கிழமை நேர அட்டவணை, தலைக்கு 10 டொலர் என்று தொடங்கினால், இது திடல் என்று நீங்களே எழுதிக் கையெழுத்து வைத்தமாதிரி. காசு வாங்கினால் அது வருமானம். வரிப் பத்திரத்தில் காட்டவேண்டும். சொந்தப் பெயரில்லாத ஒரு பெயரில் வியாபாரம் நடத்தினால் அந்தப் பெயரைப் பதியவும் வேண்டும். காசு வாங்காவிட்டாலும் வீட்டுக் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள். சொல்லாமல் விட்டால், நாளைக்கு ஒரு விபத்தில் அவர்கள் கைவிரிக்க அதுவே போதும்.

என்ன பெயர் என்பதும் சின்ன விசயமில்லை. ஊர்ப் பெயர், அப்பு ஆச்சியின் பெயர் எதுவும் வைக்கலாம். போர்க்காலத்தை நினைவூட்டும் பெயரோ சின்னமோ, துவக்கு இருக்கிற இடத்தில் வேண்டாம் என்பது எங்கள் நிலைப்பாடு. 2006 ஏப்ரலில் இருந்து புலிகள் இயக்கம் கனடாவின் தடைப்பட்டியலில் இருக்கிறது. மண்டபத்தில் நினைவு கூருவதை அயலவர் ஒருவிதமாகப் பார்ப்பார். வெடிச்சத்தம் வருகிற வேலிக்குப் பின்னால் அதே சொல்லைக் கண்டால் பொலிசுக்குத்தான் அடிப்பார்.

இன்னும் குடியுரிமை எடுக்காதவர்கள் இரட்டைக் கவனமாக இருக்கவேண்டும். அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றத்துக்குத் தீர்ப்பானால், அல்லது 6 மாதத்துக்கு மேல் சிறை கிடைத்தால், நிரந்தர வதிவாளரின் வதிவுரிமையே கேள்விக்குள்ளாகும். உரிமமில்லை என்று தெரிந்தும் துவக்கு வைத்திருந்தால் அதிகபட்சம் 10 ஆண்டு. இருபது வருசம் வழக்காடி எடுத்த கடதாசியை ஒரு பொழுதுபோக்குக்காகப் பணயம் வைக்கமுடியுமா?

இவ்வளவும் சரியென்றால் மண் அணை. .22 சன்னம் சின்னது என்று நினைக்கவேண்டாம், ஒன்றரை மைல் போகக்கூடியது. மரவேலியும் பற்றையும் அதை மறிக்காது. ஆளுயரத்துக்கு மேலான, கல் பொறுக்கிய மண் குவியல் வேண்டும். கல்லிலும் தண்ணீரிலும் பட்ட சன்னம் திசைமாறித் தெறிக்கும். அணைக்குப் பின்னால் வீடோ வீதியோ நடைபாதையோ இருக்கக்கூடாது. சன்னத்தில் இருப்பது ஈயம். கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற வீடென்றால் அணையைக் கிணற்றுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் தூரத்தில் போடுங்கள். சுட்டு முடிந்ததும் பிள்ளைகள் சோப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக்கூடாது.

சத்தத்தைப் பற்றி எந்த விதியும் முழுதாகச் சொல்லாது. ஷெல்லுக்கும் கிபிருக்கும் பங்கருக்குள் பதுங்கிய மனிதர்கள் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். பேரனுக்கு விளையாட்டாகக் கேட்கிற வெடி, உள்ளறையில் படுத்திருக்கும் அம்மம்மாவுக்கு வேறொன்றாகக் கேட்கும். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் வளவில் அணை கட்டவேண்டாம். பிள்ளையை அங்கீகாரம் பெற்ற ஒரு கழகத்தில் சேர்த்துவிடுங்கள். அயலில் எங்கள் ஆட்கள் இருந்தால், எந்த நாள் எத்தனை மணிக்குச் சுடப்போகிறீர்கள் என்று முதல்நாளே ரெலிபோனில் சொல்லிவையுங்கள்.