குட்டி யானைக்கு பேட்ஜ் வேண்டுமா? லைசென்ஸ் விஷயத்தில் விவசாயிகள் பார்க்க வேண்டியவை

அறுவடை நெருங்கினால் வாகனம் பற்றிய கேள்விகளும் வந்துவிடும். இந்த முறை சிதம்பரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: ‘‘என்னிடம் கார் லைசென்ஸ் இருக்கிறது. பழைய டாடா ஏஸ் ஒன்று வாங்கி, என் நெல்லையும் பக்கத்துக் கொல்லைக்காரர்களின் காய்கறியையும் வாடகைக்கு ஏற்றலாம் என்று இருக்கிறேன். பேட்ஜ் இல்லாமல் தொடவே கூடாது என்கிறார் ஒருவர். இப்போது பேட்ஜே தேவையில்லை என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?’’

இரண்டாமவர் சொல்வதுதான் சரி. ஆனால் அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதி தெரியாமல் வண்டியை எடுத்தால், ஒரு விபத்தில் நிலத்தையே விற்க வேண்டிய நிலைமை வரலாம்.

நம் ஊரில் ‘பேட்ஜ்’ என்று சொல்வது, லைசென்ஸில் ‘போக்குவரத்து வாகனம்’ ஓட்டத் தனியாகப் பெறும் அனுமதியை. 1994 நவம்பரில் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, நடுத்தர, கனரக வாகன வகைகளை எல்லாம் சேர்த்து ‘போக்குவரத்து வாகனம்’ என்ற ஒரே வகையாக ஆக்கினார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. மஞ்சள் போர்டு போட்ட குட்டி யானையும் போக்குவரத்து வாகனம், பத்து சக்கர லாரியும் போக்குவரத்து வாகனம் என்றால், இரண்டுக்கும் ஒரே அனுமதியா? விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு, ‘டிரைவருக்கு பேட்ஜ் இல்லை, நாங்கள் பணம் தர மாட்டோம்’ என்று வாதாடின. 2017-ல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் டிரைவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். கம்பெனிகள் விடவில்லை. வழக்கு ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்குப் போனது.

2024 நவம்பர் 6-ம் தேதி அந்த அமர்வு முடிவாகச் சொல்லிவிட்டது. இலகுரக வாகன லைசென்ஸ், அதாவது எல்.எம்.வி. வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை பேட்ஜ் இல்லாமலே ஓட்டலாம். எல்.எம்.வி. லைசென்ஸ்காரர்களால்தான் விபத்துகள் கூடுகின்றன என்பதற்கு எந்தப் புள்ளிவிவரத்தையும் யாரும் காட்டவில்லை என்பதையும் நீதிமன்றம் குறிப்பிட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய வார்த்தை ‘மொத்த எடை’. வண்டியின் எடையோடு அது ஏற்ற அனுமதிக்கப்பட்ட பாரத்தையும் சேர்த்த கணக்கு இது. ஆர்.சி.யில் வெறும் வண்டி எடை ஒன்றும், மொத்த எடை ஒன்றுமாக இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவதைப் பாருங்கள். டாடா ஏஸ், தோஸ்த், பொலிரோ பிக்கப் எல்லாம் இந்த வரம்புக்குள் வசதியாக வந்துவிடும். ஐஷர் மாதிரி வண்டிகளில் சில மாடல்கள் உள்ளே, சில வெளியே. விற்பவர் வாய்ச்சொல்லை நம்பாமல் ஆர்.சி.யைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள். இன்னொரு சௌகரியமும் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட் வேண்டியதில்லை. ஆனால் எஃப்.சி.யும் இன்ஷூரன்ஸும் கட்டாயம்.

பெட்ரோல், கேஸ், ரசாயனம் போன்ற அபாயகரமான சரக்குக்கு இந்தத் தீர்ப்பின் சலுகை பொருந்தாது. கடலூர் சிப்காட் பக்கம் வாடகை கிடைக்கிறதே என்று போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சியும், லைசென்ஸில் தனிப் பதிவும் தேவை.

டிராக்டர் கதை வேறு

கரும்பு ஏற்றிக்கொண்டு நெல்லிக்குப்பத்துக்கும் சேத்தியாத்தோப்புக்கும் போகிற டிராக்டர்களைப் பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் விவசாய டிராக்டரை ‘போக்குவரத்து அல்லாத வாகனம்’ என்றே சொல்கின்றன. விளைபொருள் ஏற்றும் டிரெய்லரை இழுப்பதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. டிரெய்லரை மாட்டியதும் டிராக்டர் லைசென்ஸ் செல்லாமல் போய்விடும் என்று ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி வாதாடியபோது, 2001-ல் நாகஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆகவே நெல் மூட்டையைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக பேட்ஜ் தேடி அலைய வேண்டாம்.

அதே டிரெய்லரில் செங்கல்லும் எம்-சாண்டும் வாடகைக்கு அடித்தால் அது விவசாய வேலை ஆகாது. பாலிசியில் ‘விவசாயப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று இருந்தால், கம்பெனி முதலில் நீட்டுவது அந்த வரியைத்தான். பாலிசியில் டிரெய்லர் சேர்ந்திருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். டிராக்டருக்கு மட்டும் கட்டிவிட்டு டிரெய்லரை மறந்தவர்கள் நிறைய.

எங்களை அதிகம் உறுத்துவது ஆட்களை ஏற்றுவதுதான். நடவுக்கும் முந்திரிக்கொட்டை பொறுக்கவும் பெண்களை குட்டி யானையிலும் டிரெய்லரிலும் நிற்க வைத்துக் கூட்டிப்போகிறோம். எந்த லைசென்ஸும் இதைச் சட்டப்படி சரியாக்காது. சரக்கு வண்டியில் சரக்குக்குச் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ உடன் வந்தால் இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. சும்மா ஏறி வருபவர்களுக்குக் கிடையாது என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிராக்டரில் இருப்பது டிரைவருக்கான ஒரே இருக்கை. மட்கார்டில் உட்கார்ந்து வருகிறவர் விழுந்தால், அந்தக் குடும்பத்துக்கான இழப்பீடு உரிமையாளர் தலையில்தான் விடியும்.

வேலைக்கு டிரைவர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய வண்டி மோதினால், இன்ஷூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள தீர்ப்பாயம் உத்தரவிடலாம். 2004-ல் வந்த ஸ்வரண் சிங் தீர்ப்பு இதற்கு வழிகாட்டி. ‘கம்பெனிதான் கட்டிவிட்டதே’ என்று நிம்மதியாக இருந்தவருக்கு, பிறகு வசூல் மனு வரும். அதே தீர்ப்பில் உரிமையாளருக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. அவர் தெரிந்தே தவறு செய்தார் அல்லது அக்கறையில்லாமல் இருந்தார் என்று கம்பெனி நிரூபித்தாக வேண்டும். டிரைவரைச் சேர்க்கும்போது அசல் லைசென்ஸைப் பார்த்து, நகல் எடுத்து, செல்லும் தேதியைக் குறித்து வையுங்கள். கோர்ட்டில் கைகொடுப்பது அந்த நகல்தான்.

அபராதமும் முன்பு போல 500 ரூபாய் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. அப்படிப்பட்டவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கு 5,000. பதினெட்டு வயது நிரம்பாத பையனிடம் டிராக்டர் சாவியைக் கொடுத்தால், பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்க 2019 திருத்தத்தில் இடம் இருக்கிறது. அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. ‘நம்ம கொல்லைக்குள்ளதானே ஓட்டுறான்’ என்பார்கள். கொல்லையிலிருந்து வீட்டுக்கு வர ரோட்டைத் தாண்டித்தானே ஆக வேண்டும்?

லாரி ஓட்ட விரும்பினால்

பண்ருட்டியிலிருந்து பலாப்பழ லோடு, நெய்வேலிப் பக்கம் கனரக வேலை என்று டிரைவர் தொழிலுக்குப் போக நினைக்கும் இளைஞர்களுக்கு வழி இன்னும் திறந்திருக்கிறது. 7,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்குப் பழைய விதிகள் அப்படியே தொடர்கின்றன. வயது 20 நிரம்ப வேண்டும். எல்.எம்.வி. லைசென்ஸ் எடுத்து ஓர் ஆண்டு ஆகியிருக்க வேண்டும். டாக்டரிடம் படிவம் 1-ஏ, அங்கீகாரம் பெற்ற டிரைவிங் ஸ்கூலில் படிவம் 5 வாங்க வேண்டும். கனரகப் பயிற்சி குறைந்தது 30 நாள், ஸ்டியரிங் பிடிப்பது மட்டும் 15 மணி நேரம் என்று விதி சொல்கிறது. ‘பயிற்சிக்கு வராமலே சர்டிஃபிகேட் தருகிறோம்’ என்பவரிடம் போகாதீர்கள். கும்மிடிப்பூண்டியில் அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனமும் கனரக வாகனப் பயிற்சி தருகிறது.

எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2019 செப்டம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. பள்ளிக்கூடம் போகாமல் வயலுக்கு வந்துவிட்டவர்களுக்கு இது பெரிய கதவு. இன்னமும் பத்தாவது மார்க் ஷீட் கேட்டுப் பயமுறுத்தும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். அது வயதுக்குச் சான்று மட்டுமே, வேறு சான்றும் கொடுக்கலாம்.

அமெரிக்காவில் விவசாயி தன் பண்ணையிலிருந்து 150 மைலுக்குள் சொந்த லாரியில் சொந்த விளைச்சலைக் கொண்டுபோனால், கனரக வணிக லைசென்ஸிலிருந்து மாநிலங்கள் விலக்குத் தரலாம். நம் சட்டத்தில் லாரிக்கு அப்படி ஒரு சலுகை இல்லை. கேட்டுப் பெற வேண்டிய ஒன்று என்பது நம் கருத்து.

விண்ணப்பம் பரிவாஹன் இணையதளத்தின் ‘சாரதி’ பக்கத்தில். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்துத்தான் ஓட்டிக் காட்டும் தேர்வு. கடலூர், சிதம்பரம் இரண்டு ஊரிலும் ஆர்.டி.ஓ. அலுவலகம் இருக்கிறது, உங்கள் முகவரி எதன் எல்லைக்குள் வருகிறது என்று பார்த்து விண்ணப்பியுங்கள். லைசென்ஸ் தபாலில்தான் வரும் என்பதால் கதவு எண், தெரு, பின்கோடு மூன்றையும் சரியாகப் பதிவு செய்யுங்கள்.

போக்குவரத்து லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்குத்தான். முன்பு காலாவதியான பிறகும் 30 நாள் செல்லும் என்று ஒரு சலுகை இருந்தது. 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். தேதி முடிந்த மறுநாள் ஓட்டினாலும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்குத்தான். முடிவதற்கு ஓர் ஆண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓர் ஆண்டு தாண்டிவிட்டால், மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

இது பற்றி மேலும் கேள்வி அனுப்புகிறவர்கள், ஆர்.சி.யில் எடை இருக்கும் பகுதியையும் லைசென்ஸில் வாகன வகை இருக்கும் பகுதியையும் நகல் எடுத்து இணையுங்கள். பெயரையும் எண்களையும் மறைத்துவிடுங்கள்.